டிரோன் படமும் ஜிபிஎஸ் நேரமும்: காணாமல் போன 110 மில்லிசெகண்டைத் தேடிப் பிடித்தது

டிரோன் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது. படம் எடுத்த நேரம் 0.1 விநாடி பிசகினால் படத்தின் இருப்பிடம் 1 மீட்டர் பிசகும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த 0.1 விநாடி கருவிகளுக்கு நடுவே எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடப் போனால்தான் தெரியும் பாடு. ஆர்டிகே (பறக்கும்போதே ஜிபிஎஸ் பிழையைத் திருத்துவது), பிபிகே (பறந்து முடித்த பிறகு திருத்துவது) என்று 2 செ.மீ. துல்லியத்துக்கு ஜிபிஎஸ் ரிசீவர் வாங்கிவிட்டு, ஷட்டர் விழுந்த நேரத்தை மட்டும் கேமரா கடிகாரத்திடம் கேட்டுக்கொள்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ரிசீவருக்குக் கொடுத்த காசு வீண். இதைச் சரிசெய்ய என்னென்ன செய்தேன், எது வேலை செய்தது, எது தேவையே இல்லை என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வேலை சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில். கோடையில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. உள்ளே எவ்வளவு வண்டல் ஏறியிருக்கிறது, மடை மட்டத்துக்கும் தரைக்கும் எவ்வளவு வித்தியாசம், எந்தப் பக்கம் வெட்டினால் பிரயோஜனம் என்று பார்க்க ஓர் உயர வரைபடம் வேண்டும் என்று ஊர்ப் பாசனக்காரர்கள் கேட்டிருந்தார்கள். உயரத்தில் 10 செ.மீ. பிசகு என்றால் ஒரு ஹெக்டேருக்கு 1000 கனமீட்டர் மண் கணக்கில் ஏறும், இல்லை இறங்கும். டிப்பர் லோடாக மாற்றிப் பார்த்தால் ஊருக்குள் சண்டை வரக்கூடிய அளவு அது. கரையில் நின்று வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர், “தம்பி, மேல பறந்தே மண்ணு எம்புட்டுன்னு இது சொல்லிருமா?” என்று கேட்டார். “சொல்லிரும் ஐயா, ஆனா எந்த இடத்துல இருந்து படம் எடுத்தோம்னு அதுக்கே சரியாத் தெரியணும்” என்றேன். “அதுக்கே தெரியலைன்னா நமக்கு எப்படித் தெரியும்” என்றுவிட்டு ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டார்.

டிரோன் நானே கோத்தது. முழு டிரோனாக இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை என்பதால் இந்த வழி. டிரோனை ஓட்டும் பிக்ஸ்ஹாக் போர்டு, அதில் ஆர்டுபைலட் மென்பொருள், சோனி ஏ6000 கேமரா, அதில் 20 மி.மீ. லென்ஸ். யூப்ளாக்ஸ் எஃப்9பி ரிசீவர் இரண்டு: ஒன்று டிரோனில், இன்னொன்று கரையில் முக்காலி மேல், நகராத ஒப்பீட்டுப் புள்ளியாக (இதுதான் பேஸ்). 80 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 1.6 செ.மீ. வரும். போகும் திசையில் ஒரு படம் 62 மீட்டர் பிடிக்கும். அடுத்தடுத்த படங்கள் 75 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்றால் 15.6 மீட்டருக்கு ஒரு கிளிக், அதாவது ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல். ஷட்டர் வேகம் 1/1000. அந்த நேரத்துக்குள் டிரோன் நகர்வது 1 செ.மீ. என்பதால் படம் கலங்காது. பறப்பதற்கான விதிகளுக்குள் நான் இங்கே போகவில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலம்தானா என்று பார்க்காமல் எதையும் மேலே ஏற்றாதீர்கள், அவ்வளவுதான்.

முதலில் கேமரா கடிகாரத்தைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். படத்தின் எக்சிஃப் குறிப்பில் எடுத்த நேரம் இருக்கும். ஆனால் அது முழு விநாடியில்தான். விநாடியின் பின்னத்தை எழுத எக்சிஃப்பில் தனியாக ஓர் இடம் இருந்தாலும் என் கேமரா அதை நிரப்புவதில்லை. ஆக 11:42:07 என்று எழுதியிருந்தால் அது 7.0ஆகவும் இருக்கலாம், 7.9ஆகவும் இருக்கலாம், 10 மீட்டர் வேகத்தில் அது 9 மீட்டர் தூரம். போதாக்குறைக்கு வெயிலில் கேமரா சூடானால் கடிகாரம் ஓடும் வேகமும் மாறும். ஃபோனில் ஜிபிஎஸ் நேரத்தை ஓடவிட்டு அதைக் கேமராவால் ஒரு படம் எடுத்து, இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்து மிஷன் பிளானரில் (ஆர்டுபைலட்டுக்கான கணினி மென்பொருள்) அந்த எண்ணைக் கொடுக்கும் பழைய தந்திரம் உண்டு. செய்யலாம். காட்டை மேலோட்டமாகப் பார்க்கவும், பயிர் எங்கே வாடியிருக்கிறது என்று காட்டவும் அது போதும். வண்டல் கணக்குக்கு உதவாது.

இதே போல இன்னொரு பொறியும் இருக்கிறது. நண்பர் ஒருவரின் பழைய அமைப்பில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று ஜிபிஎஸ் வரிகளைச் சீரியல் வழியாக வாங்கி, வரி வந்து சேர்ந்த நேரத்தை அந்த இருப்பிடத்தின் நேரமாக எடுத்துக்கொண்டிருந்தது. 9600 பாட் வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்துதான் போகும். இருப்பிடத்தைச் சொல்லும் ஒரு ஜிஜிஏ வரி 75 எழுத்துப் பக்கம் வரும், அது ஒன்றுக்கே 80 மில்லிசெகண்ட் ஆகிவிடும். செயற்கைக்கோள் பட்டியல் வரிகளும் சேர்ந்து வரிசையில் நின்றால் அரை விநாடி வரை தாமதம் ஏறும். அதிலும் கண்ணுக்குத் தெரியும் செயற்கைக்கோள் எண்ணிக்கைக்கு ஏற்ப வரிகளும் கூடும், குறையும், ஆக தாமதம்கூட நிலையாக இருக்காது. வரிக்குள்ளேயே நேரம் எழுதியிருக்கிறது, அதை எடுத்துக்கொண்டால் பாதி வியாதி போய்விடும்.

பெரிய நேரப் பிழைகள் ஆபத்தே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6இல் தொடங்கியது, பூமியின் சுழற்சிக்கு ஏற்ப அவ்வப்போது கூட்டும் லீப் விநாடிகளை அது சேர்ப்பதில்லை. உலகப் பொது நேரமான யூடிசி சேர்க்கும். 2017 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் 18 விநாடி வித்தியாசம். ஒரு கோப்பு ஜிபிஎஸ் நேரத்திலும் இன்னொன்று யூடிசியிலும் இருந்தால் படங்கள் 180 மீட்டர் தள்ளிப்போய் உட்காரும். கேமரா நம் ஊர் நேரத்தில் இருந்தால் அதற்குமேல் ஐந்தரை மணி நேரம் வேறு. இதெல்லாம் வரைபடத்தைத் திறந்த உடனே கண்ணில் குத்தும், ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். ஒரு மீட்டர், அரை மீட்டர் பிழைதான் நல்ல பிள்ளை போல உள்ளே உட்கார்ந்திருக்கும்.

அடுத்த படி ஆர்டுபைலட்டின் பதிவு. படம் எடு என்று கேமராவுக்குக் கட்டளை அனுப்பும்போதெல்லாம் அது லாகில் ஒரு வரி எழுதும், கட்டளைக்கான வரி என்பதால் அதை இங்கே ‘டிரிக்’ என்றே சொல்கிறேன். அந்தக் கணத்து இருப்பிடம், நேரம், சாய்வு எல்லாம் அதில் இருக்கும். படங்களின் எண்ணிக்கையும் டிரிக் வரிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் வரிசைப்படி கோத்துவிடலாம். கோத்து, படங்களிலிருந்து வரைபடம் உண்டாக்கும் ஓப்பன் டிரோன் மேப் மென்பொருளில் போட்டேன். வரைபடம் பார்க்க அருமையாக இருந்தது: கரை நேராக, கலுங்கின் சுவர் ஒரே கோடாக, எங்கும் முறிவு இல்லை. தரையில் அளந்து வைத்த குறிகளோடு ஒப்பிட்டாலும் கிடைமட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இங்கேதான் ஏமாந்துபோவார்கள். டிரோன் ஒரு லைன் கிழக்கே போகிறது, அடுத்த லைன் மேற்கே திரும்புகிறது. கேமரா தாமதமாக எடுக்கிறது என்றால், கிழக்கே போகும்போது உண்மையான இடம் பதிவான இடத்துக்குக் கிழக்கே இருக்கும், மேற்கே போகும்போது மேற்கே இருக்கும். எல்லா லைன்களையும் சேர்த்து மென்பொருள் சராசரி பார்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. முடிவில் வரைபடம் சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும், பிழை மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். அது வெளியே வருவது எப்போது என்றால், “என் இருப்பிடங்கள் எல்லாம் 3 செ.மீ. துல்லியம்” என்று மென்பொருளிடம் சொல்லும்போது. அது அந்தப் பேச்சை நம்பி, ஒரு மீட்டர் முன்னும் பின்னும் ஆடும் புள்ளிகளுக்கு ஏற்ப லென்ஸ் கணக்கை வளைக்கும், தரையை வளைக்கும், நடுவில் இல்லாத ஒரு மேட்டை உண்டாக்கும். கண்மாய் வேலையில் இல்லாத மேடு என்றால் இல்லாத வண்டல்.

அதனால் வரைபடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு படத்தின் வித்தியாசத்தையும் பார்த்தேன். முறை எளிது. தரைக் குறிகளை மட்டும் நம்பச் சொல்லி, படங்களின் ஜிபிஎஸ்ஸைக் கண்டுகொள்ளாமல் மென்பொருளை ஓட்டினால், ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று அதுவே கணித்துத் தரும். ஓப்பன் டிரோன் மேப்பில் அறிக்கைக் கோப்புறையில் ‘ஷாட்ஸ்’ என்ற ஜியோஜேசன் கோப்பில் இது இருக்கும். அதிலிருந்து டிரிக் வரியில் உள்ள இடத்தைக் கழித்து, வித்தியாசத்தைக் கிழக்கு வடக்கு என்று பார்க்காமல், போகும் திசையிலும் குறுக்கேயும் பிரித்துப் பாருங்கள். போகும் திசை என்றால் டிரோனின் மூக்கு பார்க்கும் திசை இல்லை, தரைமேல் அது உண்மையில் நகரும் திசை. குறுக்குக் காற்றில் இரண்டும் வேறுவேறு. எனக்குக் குறுக்கே கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. போகும் திசையில் எல்லாமே முன்னால், ஒரு மீட்டர் சொச்சம். கிழக்கே போகும் லைனிலும் முன்னால், மேற்கே போகும் லைனிலும் முன்னால்.

வித்தியாசம் இப்படிப் பயணத் திசையோடு சேர்ந்து திரும்பினால் அது பேஸின் கோளாறு இல்லை. கரையில் வைத்த பேஸின் ஆயத்தொலைவு தப்பாக இருந்தால் எல்லாப் படமும் ஒரே திசையில், அது தென்மேற்கு என்றால் தென்மேற்கிலேயே, நகர்ந்திருக்கும். ஆனால் இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. ஆண்டெனா லென்ஸுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும், ஏனென்றால் டிரோன் திரும்பும்போது ஆண்டெனாவும் கூடவே திரும்புகிறது. நேரமா, தூரமா என்று பிரிக்க ஒரே வழி, வேகத்தை மாற்றுவது. நேரப் பிழை வேகத்தோடு வளரும், ஆண்டெனா தூரம் வளராது. ஒரே லைனை விநாடிக்கு 5 மீட்டரில் போக வர ஓட்டினேன், பிறகு 10 மீட்டரில் போக வர. போனதையும் வந்ததையும் கழித்துப் பாதியாக்கினால் ரிசீவரின் பொதுப் பிழை தானாக விழுந்துவிடும். 5 மீட்டரில் சராசரியாக 61 செ.மீ., 10 மீட்டரில் 116 செ.மீ. வேகம் 5 கூடியதற்கு வித்தியாசம் 55 செ.மீ. கூடியிருக்கிறது, வகுத்தால் 0.11 விநாடி. மிச்சம் நிற்கும் 6 செ.மீ. ஆண்டெனா தூரம். அடிஸ்கேலை வைத்து அளந்தால் 7 செ.மீ. வந்தது.

சரி, 110 மில்லிசெகண்ட் என்று தெரிந்துவிட்டதே, எல்லா டிரிக் நேரத்தோடும் அதைக் கூட்டிவிட்டால் போதாதா? போதாது. அது சராசரி. படம் படமாகப் பார்த்தால் 70இலிருந்து 180 வரை ஆடுகிறது. கட்டளை போய்ச் சேர்ந்ததும் கேமரா தன் பாட்டுக்கு எதையோ முடித்துவிட்டுத்தான் ஷட்டரைத் தொடுகிறது. ஃபோகஸ் தேடும் நேரம் அதில் பெரும் பங்கு. ஈரம் காய்ந்த களிமண் தரையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். மேனுவல் ஃபோகஸில் போட்டதும் ஆட்டம் நன்றாகக் குறைந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை. ஒரு எச்சரிக்கை: மோட்டாரில் நகரும் இந்த மாதிரி லென்ஸ்களில் கேமராவை அணைத்துப் போட்டால் ஃபோகஸ் இருந்த இடம் மாறிவிடும். பேட்டரி மாற்றியதும் மறுபடி ஃபோகஸ் வைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். கூடவே கிடைக்கும் 16-50 லென்ஸை மாட்டியிருந்தால் அதன் நடுக்கத் தடுப்பையும் அணைத்துவிடுங்கள்.

ஆக, கட்டளை போன நேரம் வேண்டாம், ஷட்டர் திறந்த நேரத்தைக் கேமராவே சொல்ல வேண்டும். இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. விமானத்தில் பொருத்திய பெரிய ஃபிலிம் கேமராக்கள் வெளிச்சம் விழும் கால அளவின் நட்டநடுவில் ஒரு மின்துடிப்பை வெளியே தரும், அதை ஜிபிஎஸ் ரிசீவரின் ஈவென்ட் உள்ளீட்டில் (துடிப்பு வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும் பின்) கொடுத்து நேரம் பதிவார்கள். நம் கையில் இருக்கும் கல்யாண வீட்டுக் கேமராவில் அப்படி ஒரு வெளியீடு கிடையாது. ஆனால் தலையில் பிளாஷ் மாட்டும் ஹாட் ஷூ இருக்கிறது. முதல் திரை முழுதாகத் திறந்ததும் பிளாஷை எரியச் சொல்லி அதன் நடுத் தொடுமுனையைக் கேமரா கிரவுண்டோடு இணைக்கும். அந்த இணைப்பைத்தான் நாம் கவனிக்கப் போகிறோம்.

ஹாட் ஷூவில் செருகி, பக்கவாட்டில் பிளாஷ் கம்பி செருகும் பிசி சாக்கெட் தரும் அடாப்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கும். நடுக் கம்பியை 3.3 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக இழுத்துப் பிடித்து வைத்தேன். சாதாரணமாக 3.3இல் நிற்கும், ஷட்டர் திறந்ததும் தடாலென்று பூஜ்யத்துக்கு அருகே விழும். அந்தக் கம்பியை இரண்டு இடத்துக்குக் கொடுத்தேன்: பிக்ஸ்ஹாக்கின் ஆக்ஸ் பின் ஒன்றுக்கு, எஃப்9பியின் ஈவென்ட் உள்ளீடான எக்ஸ்டின்ட் பின்னுக்கு. ஆர்டுபைலட்டில் அந்த ஆக்ஸ் பின்னின் சர்வோ வேலையை மைனஸ் 1 என்று வைத்து, கேமரா ஃபீட்பேக் பின்னுக்கு அதன் எண்ணைக் கொடுத்து, விழும் விளிம்பைப் பார்க்கச் சொன்னால், கட்டளைக்கு ‘டிரிக்’ என்ற வரியும் ஷட்டர் திறந்ததற்கு ‘கேம்’ என்ற வரியும் லாகில் வரத் தொடங்கும். எஃப்9பியில் துடிப்பு வந்த நேரத்தைச் சொல்லும் டிம்-டிஎம்2 என்ற செய்தியை யூசென்டரில் (யூப்ளாக்ஸின் அமைப்பு மென்பொருள்) இயக்கி, மூலத் தரவோடு சேர்த்து மெமரி கார்டில் பதிய வேண்டும். சில போர்டுகளில் எக்ஸ்டின்ட் பின்னை வெளியே எடுத்திருக்கவே மாட்டார்கள், வாங்கும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவில் சைலன்ட் ஷட்டர் போன்ற மின்னணு ஷட்டர் இயங்கினால் பல மாடல்களில் ஹாட் ஷூ வாயே திறக்காது. பிளாஷ் அமைப்பையும் ஃபில் பிளாஷில் வைத்தேன்.

மேசைமேல் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. மோட்டார் சுழல ஆரம்பித்ததும் ஒரு படம்கூட எடுக்காமலே ஈவென்ட்டுகள் மழையாகக் கொட்டின. கம்பி போன வழியைப் பார்த்தால் காரணம் தெரிந்தது: மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியின் கம்பிகளோடு ஒரு சாண் நீளத்துக்கு உரசிக்கொண்டு போயிருந்தது. அந்தக் கம்பியை எடுத்துவிட்டு மைக்குக்குப் போடும் ஷீல்டு கேபிளைப் போட்டு, அதன் வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் கொடுத்து, டிரோனின் எதிர்ப்பக்கக் கையின் வழியாகக் கொண்டுபோனேன். 10 கிலோஓம் ரெசிஸ்டரை 2.2 கிலோஓமாகக் குறைத்து, பின்னருகே 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் வைத்தேன். இதனால் வரும் தாமதம் அதிகம் போனாலும் 22 மைக்ரோசெகண்ட் அளவுதான், 10 மீட்டர் வேகத்தில் அது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. பொய் ஈவென்ட்டுகள் நின்றன.

பறந்து முடித்ததும் எண்ணிப் பார்த்தால் படங்களைவிட ஈவென்ட் குறைவு, டிரிக் வரிகள் இரண்டையும்விட அதிகம். இது சகஜம். தரையில் சோதனைக்காகக் கையால் அடுத்தடுத்து அமுக்கிய படங்கள் ஒரு காரணம். டிஎம்2 செய்தியில் ஒரு கணக்கீட்டுச் சுற்றுக்கு ஒரு விளிம்புக்கு ஒரே நேரம்தான் நிற்கும். சுற்றுக்குள் இரண்டு துடிப்பு வந்தால் பிந்தியது மட்டும் மிஞ்சும். பறக்கும்போது ஒன்றரை விநாடிக்கு ஒன்று என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. கட்டளை போயும் கேமரா எடுக்காமல் விட்டவை டிரிக் பக்கம் கூடுதலாக நிற்கும். முதல் படத்தை முதல் ஈவென்ட்டோடு கோத்துக்கொண்டே போனால் நடுவில் ஒன்று நழுவியதும் அதற்குப் பின் உள்ள அத்தனையும் 15.6 மீட்டர் தள்ளிப்போகும்.

இதற்குத்தான் கேமராவின் அந்த முழு விநாடிக் கடிகாரம் கடைசியில் உதவியது. அதைத் துல்லியத்துக்கு நம்ப முடியாது, வரிசையைச் சரிபார்க்க நம்பலாம். அடுத்தடுத்த படங்களின் இடைவெளிகளை எக்சிஃப்பிலிருந்து எடுங்கள்: 2, 1, 2, 1, 2, 9, 2, 1... அந்த 9 என்பது லைன் முடிந்து டிரோன் திரும்பிய இடம். ஈவென்ட் பட்டியலிலும் அதே போல 1.56, 1.57, 1.55, 8.9 என்று வரும். திருப்பங்களை ஒன்றோடொன்று பொருத்தி, இரண்டு திருப்பங்களுக்கு இடையே படமும் ஈவென்ட்டும் சம எண்ணிக்கையா என்று பார்த்தால் எந்த லைனில் எத்தனையாவது படம் நழுவியது என்பது தெரிந்துவிடும். அப்படி ஈவென்ட் இல்லாத படத்துக்கு நேரத்தை ஊகித்து நிரப்பாதீர்கள். இருப்பிடம் இல்லாமலே மென்பொருளிடம் கொடுங்கள், பக்கத்துப் படங்களை வைத்து அதுவே பார்த்துக்கொள்ளும். இதற்கு ஒரு சின்ன பைத்தான் நிரல் போதும், முப்பது வரிகூட வராது.

ஈவென்ட் நேரம் கையில் இருக்கிறது, ரிசீவர் இருப்பிடம் விநாடிக்கு 5 என்ற கணக்கில் இருக்கிறது. இரண்டு இருப்பிடங்களுக்கு நடுவே நேர்கோடு போட்டு இடத்தைக் கணிக்க வேண்டும். 5 போதுமா, 10 வேண்டாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நேர்கோட்டில் வரும் அதிகபட்சப் பிழை என்பது முடுக்கத்தை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தது. டிரோன் 3 மீ/வி² முடுக்கத்தில் திரும்பினால்கூட 0.2 விநாடி இடைவெளிக்கு 1.5 செ.மீ. வரும். நேராகப் போகும் லைனில் அதிலும் கொஞ்சமே. விநாடிக்கு ஒன்று என்று பதிந்தால் அதுவே 37 செ.மீ. ஆக 5 தாராளம்.

அடுத்தது லீவர் ஆர்ம், அதாவது ஆண்டெனாவுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம். ஆண்டெனா லென்ஸுக்கு 22 செ.மீ. மேலே, 7 செ.மீ. பின்னே. என் கேமரா சாய்வைச் சமன்செய்யும் கிம்பலில் இல்லை, அதிர்வுத் தடுப்பு ரப்பர்மேல் உடலோடு சேர்த்து மாட்டியது. டிரோன் முன்னே போக மூக்கைத் தாழ்த்தும். 10 மீட்டர் வேகத்தில் 12 டிகிரி சாய்வு என்றால் மேலே இருக்கும் ஆண்டெனா லென்ஸைத் தாண்டி 4.6 செ.மீ. முன்னால் போய்விடும், 5 மீட்டரில் சாய்வு 4 டிகிரி, அப்போது 1.5 செ.மீ. கவனியுங்கள், சாய்வும் வேகத்தோடு வளர்கிறது! ஆண்டெனா தூரம் வேகத்தோடு வளராது என்று மேலே சொன்னது 110 மில்லிசெகண்டைத் தேடும்போது சரி, மில்லிசெகண்ட் கணக்குக்கு இறங்கியதும் அது எடுபடாது. ஹாட் ஷூ போட்ட பிறகு இரண்டு வேகச் சோதனையை அப்படியே ஓட்டியபோது மைனஸ் 9 மில்லிசெகண்ட் என்று வந்தது. அதில் 6 இந்தச் சாய்வு உண்டாக்கிய மாயை. கேம் வரியில் இருக்கும் சாய்வுகளை வைத்து ஒவ்வொரு படத்துக்கும் லீவர் ஆர்மைத் திருப்பிக் கழித்த பிறகு மைனஸ் 3 மட்டும் நின்றது.

அந்த 3 எங்கிருந்து என்றால், கேமராவின் திரையிலிருந்து. 1/1000இல் படம் முழுவதும் ஒரே கணத்தில் பதிவதில்லை, இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளவு சென்சாரைக் கடந்து போகிறது. இந்தக் கேமராவில் பிளாஷோடு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/160, அதாவது திரை கடப்பதற்கு அந்த 6 மில்லிசெகண்டுக்குள் சில ஆகிறது. முதல் திரை முழுசாகத் திறந்து ஹாட் ஷூ துடிக்கும்போது படத்தின் நடுப்பகுதி பதிந்து முடிந்து கொஞ்சம் நேரம் ஆகியிருக்கும். அதனால் ஈவென்ட் நேரத்திலிருந்து 3 மில்லிசெகண்டைக் கழித்துவிட்டேன். இது 3 செ.மீ. விவகாரம், ஆனால் நிலையான எண் என்பதால் ஒரு தடவை பிடித்தால் போதும். கேமரா மாறினால் மறுபடி பார்க்க வேண்டும்.

கடைசிப் படி ஓப்பன் டிரோன் மேப்பின் ஜியோ கோப்பு, அதாவது படங்களின் இருப்பிடப் பட்டியல். முதல் வரியில் வரைபடத் திட்டம், பிறகு படத்தின் பெயர், ஆயத்தொலைவுகள். உலகைப் பட்டைகளாகப் பிரிக்கும் யூடிஎம் திட்டத்தில் சிவகங்கை 44ஆம் மண்டலத்தில் வரும்; கோயம்புத்தூர்ப் பக்கம் என்றால் 43. இருப்பிடத் துல்லியத்துக்கு மென்பொருள் தானாக எடுத்துக்கொள்வது மீட்டர் கணக்கில் இருக்கும், அதை நம் செ.மீ. கணக்குக்கு மாற்றாவிட்டால் இவ்வளவு பாடும் வீண். தரைக் குறிகளும் கொடுக்கிறீர்கள் என்றால் ஜிபிஎஸ்ஸையும் பயன்படுத்து என்று தனியாகச் சொல்ல வேண்டும். நான் 3 செ.மீ. என்று கொடுக்காமல் 5 என்று கொடுத்தேன், அது போதும் என்பது என் அபிப்பிராயம். உயரத்தில் ஒரு சங்கதி: பிபிகே தரும் உயரம், பூமிக்கு ஜிபிஎஸ் வைத்திருக்கும் கணித வடிவமான நீள்வட்டத்திலிருந்து அளந்தது, நம் பக்கம் கடல்மட்டம் அந்த நீள்வட்டத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது. தரை உயரம் பத்து மீட்டர் என்றோ, சில ஊர்களில் பூஜ்யத்துக்குக் கீழே என்றோ வந்தால் பயப்பட வேண்டாம்.

இப்போது கிடைத்ததைச் சொல்கிறேன். தரைக் குறிகளில் சிலவற்றை மென்பொருளிடம் காட்டாமல் ஒளித்து வைத்து ஒப்பிட்டால் கிடைமட்டத்தில் 3 செ.மீ. சொச்சம், உயரத்தில் 5 செ.மீ.க்குள். போகும் திசை வித்தியாசத்தை வரைந்தால் கிழக்கு லைனும் மேற்கு லைனும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. குறிகளாகப் பழைய ஃபிளெக்ஸ் துண்டுகளைத்தான் விரித்தோம். அதில் இரண்டை ஆடுகள் மிதித்து நகர்த்திவிட்டன, அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. மடையின் கல்தூண் மேல்தளம் போல நகராத குறி கிடைத்தால் விடாதீர்கள். கலுங்குப் பக்கம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் இடத்தில் உயரம் இன்னும் சரியில்லை. அது நேரப் பிரச்சினை இல்லை, முள்ளுக்குக் கீழே இருக்கும் தரையைக் கேமரா பார்க்கவே இல்லை. அங்கே கம்பு பிடித்து நடந்துதான் அளந்தோம்.

இன்னும் நம்பிக்கை வராத இடம் ஹாட் ஷூ அடாப்டர்தான். அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தொடுமுனை விட்டுவிடுகிறது, ஈவென்ட்டுகள் திடீரென்று நின்றுபோகின்றன, படம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். இப்போதைக்கு நைலான் டையால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் மோட்டாரை ஓடவிட்டபடியே நாலைந்து படம் நிதானமாக எடுத்து, லாகில் கேம் வரிகளும் அத்தனையே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே விடுகிறேன்.